பூஜ்யத்துக்கு மரியாதை

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷனுக்குச் சர்க்கரை வரலாம், மூட்டுவலி வரலாம். எனக்கு பைத்தான் வந்தது.

வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உட்காருங்க சார்" என்றார். முப்பது வருஷ சர்வீஸில், மேனேஜர்கள் உட்காரச் சொன்ன எந்த நாளிலும் எனக்கு நல்ல சேதி கிடைத்ததில்லை. வயிற்றைப் பிசைந்தது.

"உங்களுக்கு பைத்தான் தெரியுமா?"

"வண்டலூர்ல பார்த்திருக்கேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "அக்கவுண்ட்ஸ்ல பாதி வேலையை இனிமே புரோகிராமே பார்த்துக்கும். அதை எழுதத் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்றார். தெரியாதவர்கள் என்ன ஆவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஹவுசிங் லோன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள், "பைத்தானா? ரொம்ப ஈஸிப்பா. நான் சொல்லித் தர்றேன்" என்றாள். சமையல்கட்டிலிருந்து மனைவி, "எனக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லித் தந்தப்போ கத்தினீங்களே, அந்த மாதிரி அவகிட்டக் கத்தாதீங்க" என்றாள். கத்தப்போவது நானா, அவளா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் பாஷையே படித்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1995-ல் படித்தேன். அந்தக் காலத்தில் சென்னையில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் 'சி லாங்க்வேஜ்'. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல ஏ.ஸி. ரூமுக்குள் நுழைவோம். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருத்தன் டைப் அடிப்பான், ஒருத்தன் நோட்டைப் பார்த்து வாசிப்பான், மூன்றாவது ஆள் ஏ.ஸி. வாங்குவான். பெரும்பாலும் நான் மூன்றாவது ஆள்.

அங்கே நான் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம், என் வருஷச் சம்பளத்தைக் கண்டுபிடிப்பது. மாசம் 3,500 ரூபாய். பெருக்கல் பன்னிரண்டு. தட்டினேன். திரையில் வந்த விடை: மைனஸ் 23,536.

அதாவது, வருஷம் பூரா உழைத்துவிட்டு, கடைசியில் நான்தான் கம்பெனிக்கு இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் கட்டவேண்டும். "மெஷின் பொய் சொல்லாதுடா" என்றான் டைப் அடித்தவன்.

மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். "நீ 'இன்ட்' போட்டிருக்கே தம்பி. இந்த மெஷின்ல இன்ட்ங்கறது சின்ன டப்பா. 32,767 வரைக்கும்தான் கொள்ளும். மேல ஊத்தினா வழிஞ்சு மைனஸ் பக்கம் போயிடும். உன் சம்பளம் பெரிசு. 'லாங்' போடு" என்றார். என் சம்பளத்தை ஒருவர் பெரிசு என்று சொன்னது அதுதான் முதலும் கடைசியும். (கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் 42,000-லிருந்து 65,536-ஐக் கழித்துப் பார்க்கலாம். பைசா சுத்தமாக வரும்.)

இதெல்லாம் என்னை மாதிரி ஆட்கள் செய்கிற தப்பு என்று நினைத்திருந்தேன். 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாக்காரர்கள் ஏரியன்-5 என்ற புத்தம்புது ராக்கெட்டை, தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவிலிருந்து விட்டார்கள். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வானத்தில் வெடித்துச் சிதறியது. நல்லவேளை, உள்ளே மனிதர்கள் இல்லை, சாட்டிலைட்கள்தான். விசாரித்தார்கள். பழைய ஏரியன்-4-க்கு எழுதின புரோகிராமில் ஒரு துண்டை அப்படியே புதுசிலும் வைத்திருக்கிறார்கள். அதில் ஓரிடத்தில் 64 பிட் தசம எண்ணை எடுத்து 16 பிட் முழு எண் டப்பாவில் ஊற்றும் வேலை. புது ராக்கெட்டுக்கு வேகம் ஜாஸ்தி; எண்ணும் பெரிசாகிவிட்டது. டப்பா 32,767-க்கு மேல் கொள்ளவில்லை. என் சம்பளத்தைக் கவிழ்த்த அதே டப்பா! படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

சி-யை நான் நாலாவது இன்ஸ்டால்மென்ட்டோடு விட்டுவிட்டேன். காரணம் செமிகோலன். வரிக்கு வரி கடைசியில் அதை வைக்கவேண்டும். ஏழாவது வரியில் மறந்தால் எட்டாவது வரியில் தப்பு என்று சொல்லும். எட்டாவது வரியை மூன்று பேர் முக்கால் மணி நேரம் முறைத்துப் பார்ப்போம். அது பாட்டுக்கு யோக்கியமாக நிற்கும். அதற்குள் அடுத்த பேட்ச் வாசலில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிடும்.

பைத்தானில் செமிகோலன் தேவையில்லை என்று மகள் சொன்னதுமே எனக்கு அந்த பாஷை பிடித்துப்போயிற்று. கண்டுபிடித்தவர் க்விடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர். 1989 கிறிஸ்துமஸ் லீவில் பொழுதுபோக்காக ஆரம்பித்தாராம். பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தம் கிடையாது. 'மான்டி பைத்தான்' என்று பி.பி.ஸி.யில் வந்த காமெடி நிகழ்ச்சிக்கு அவர் ரசிகர். ஆக, வண்டலூர் ஜோக்குக்கு மேனேஜர் சிரித்திருக்கலாம். காமெடியிலிருந்து வந்த பேர்தான்.

முதல் பாடம். மகள் சொல்ல நான் அடித்தேன்: சம்பளம் = 42000. ஆமாம், தமிழிலேயே! பாஷையின் சொந்த வார்த்தைகளை மட்டும் இங்கிலீஷில் எழுதவேண்டும். நாம் வைக்கிற பேரைத் தமிழில் வைத்தால் பைத்தான் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த வரி: சம்பளம் = சம்பளம் + 500.

"இரு, இரு. சம்பளமும் சம்பளம் பிளஸ் ஐந்நூறும் எப்படிம்மா ஒண்ணாகும்? எங்க கணக்கு வாத்தியார் பார்த்தா முட்டி போட வெச்சிருப்பார்."

"அப்பா, அது 'சமம்' இல்லை. வலது பக்கம் இருக்கறதைக் கணக்குப் போட்டு இடது பக்க டப்பாவில் வைன்னு அர்த்தம். சமமான்னு கேக்கணும்னா ரெண்டு தடவை போடணும்."

ஒரு கோடு ஜோடி போட்டால் உத்தரவு, இரண்டு ஜோடி போட்டால் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொரு தகராறு, ஓரத்தில் விடும் இடைவெளி. 'இப்படி இருந்தால்' என்று ஆரம்பித்தால் கடைசியில் கோலன் வைத்து, அடுத்த வரியை உள்ளே தள்ளி எழுதவேண்டும். மற்ற பாஷைகளில் அது அழகுக்கு. பைத்தானில் அதுதான் இலக்கணம். எந்த வரி எந்த வரிக்குக் கீழே வேலை பார்க்கிறது என்பதை அது இடைவெளியை வைத்தே தீர்மானிக்கிறது. பார்க்க எங்கள் ஆபீஸ் சர்க்குலரில் பேர் போடும் வரிசை மாதிரியே இருந்ததால் இது மட்டும் எனக்குச் சட்டென்று வந்துவிட்டது.

அப்புறம் வந்தது டேட்டா டைப். சாமான் என்ன ஜாதி என்று மெஷினுக்குத் தெரியவேண்டும். அதைப் பொறுத்துத்தான் மரியாதை.

என் வயசைக் கேட்டு வாங்கி, அடுத்த வருஷம் என்ன வயசு என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதினேன். 52 என்று அடித்தேன். ஒன்றைக் கூட்டமாட்டேன் என்று எரர். சரி, ஒன்றைச் சுற்றி மேற்கோள் குறி போட்டுப் பார்த்தேன். உடனே விடை வந்தது: 521. ஐந்நூற்று இருபத்தொரு வயசு! இரண்டால் பெருக்கினால்? 5252. ரிடையர்மென்ட் தாண்டி எங்கேயோ போய்விட்டேன்.

"கீபோர்டில் அடிக்கற எதுவுமே உள்ளே போறப்போ ஸ்ட்ரிங்தான்ப்பா. அதுக்கு அது நம்பர்னு தெரியாது. அஞ்சு, ரெண்டுன்னு ரெண்டு எழுத்து, அவ்வளவுதான். எழுத்தோட எழுத்தைக் கூட்டினா ஒட்டி வெச்சிடும். நம்பரா வேணும்னா நீதான் 'இன்ட்' போட்டு மாத்தணும்."

இந்த 'இன்ட்' போட்டு மாற்றுகிற வித்தை கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதைப் பார்த்தாலும் இன்ட் போட்டேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன். பைத்தானின் இன்ட்டுக்கு சி மாதிரி 32,767 எல்லாம் கிடையாது. எவ்வளவு பெரிய எண்ணைக் கொட்டினாலும் டப்பா தானே வளர்ந்துகொள்ளும்.

ஸ்ட்ரிங்கில் இன்னொரு வேடிக்கை. 'தமிழ்' என்று கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டேன். ஐந்து என்றது! த, மி, ழ். ஒன்றாம் கிளாஸ் குழந்தையைக் கேட்டாலும் மூன்று என்று சொல்லும். மகளைக் கத்தினேன். (மனைவி சொன்னது பலித்தது.) விஷயம் இதுதான்: கம்ப்யூட்டருக்குள் ம தனி, அதன் மேல் விழும் கொக்கி தனி; ழ தனி, புள்ளி தனி. ஆக மொத்தம் ஐந்து. இதைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும். தொல்காப்பியர் வழியில் பார்த்தால் மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்து. மெஷின் நம் எழுத்தை எண்ணவில்லை, தன் குறிகளை எண்ணுகிறது.

தசம எண்ணுக்கு 'ஃப்ளோட்' என்று பேர். அக்கவுண்ட்ஸ்காரனுக்கு இதில்தான் நெஞ்சு வலி. பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் கூட்டச் சொல்லி 0.1 + 0.2 என்று அடித்தேன். விடை 0.30000000000000004. இந்தக் கடைசி நாலு எங்கிருந்து வந்தது? இன்றைக்கும் பல மெஷின்களில், பல பாஷைகளில் இதே விடைதான்.

எனக்கு இது புரிந்தது என் தாத்தாவால். அவர் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு சொல்லுவார். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி, பதினாறில் ஒன்று. கம்ப்யூட்டர் பின்னத்தை எழுதுவதும் இப்படிப் பாதி பாதியாக வெட்டித்தான். இந்தத் துண்டுகளை எத்தனை சேர்த்தாலும் பத்தில் ஒன்று கச்சிதமாக வராது; நம் தசமத்தில் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் போகிறதே, அதுபோல. பக்கத்தில் வந்து நின்றுவிடும். 1957-ல் நயா பைசா வராமல் ரூபாய்க்குப் பதினாறு அணாவே இருந்திருந்தால் அணாக் கணக்கில் ஃப்ளோட் ஒரு பிசிறு இல்லாமல் கூட்டியிருக்கும்! பைசாவாக மாற்றி இன்ட்டில் வைத்துக்கொள்வது அக்கவுண்ட்ஸ்காரனுக்கு உத்தமம்.

பிசிறுதானே, போகட்டும் என்று விடவும் முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடா யுத்தத்தில், சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஏவுகணையைத் தடுக்கவேண்டிய பேட்ரியட் கருவி தடுக்கவில்லை. அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்காக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டுக்குள் வெட்டி வைத்ததில் ஒரு நூலிழை குறைவு. கருவி சுமார் நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் நூலிழை சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 28 சிப்பாய்கள் இறந்துபோனார்கள்.

பூலியன் என்று ஒரு ஜாதி உண்டு. ஆமாம், இல்லை, இரண்டே பதில். எங்கள் வீட்டில் அந்த டேட்டா டைப் இல்லாததால் அதிகம் பழகவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனதும் நிஜமான வேலை ஏதாவது செய்து மேனேஜரிடம் காட்டவேண்டும் என்று கை அரித்தது. கிடைத்தது ஆபீஸ் தீபாவளி ஃபண்டு.

மொத்தம் 86 பேர். ஆளுக்கு மாசம் ஐந்நூறு, பத்து மாசம். ஆக 4,30,000. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அவரவர் பணம் அவரவருக்கு. நடுவில் ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி என்று அவசரம் வந்தால் அதிலிருந்தே கைமாற்று. வட்டி கிடையாது, கடைசியில் பிடித்துக்கொள்வோம். வசூல், பட்டுவாடா, பாங்க் எல்லாம் டெஸ்பாட்ச் செக்‌ஷன் தம்பி. காண்ட்ராக்ட் ஆள். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. ஆறு வருஷமாக ஒரு ரூபாய் இடித்ததில்லை.

நோட்டை வாங்கி, கைமாற்று வாங்கியவர்கள் நம்பரையும் தொகையையும் புரோகிராமில் நானே அடித்தேன். எங்கள் கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு நாலு இலக்க நம்பர், முன்னால் பூஜ்யத்தோடு: 0412, 0387 என்று. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மூன்று இலக்க டோக்கன், பூஜ்யம் கிடையாது. பி.எஃப்., போனஸ், மெடிக்கல் எல்லாம் அந்தப் பூஜ்யத்துக்குத்தான்.

0412 என்று அடித்தேன். பைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வைக்கக்கூடாது என்று சின்டாக்ஸ் எரர். (சி-யாக இருந்தால் வாயைத் திறக்காது. முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டை வைத்து எண்ணும் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, 0412-ஐ 266 என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளும். அந்த ஊமைக் குசும்பு வேண்டாமென்றுதான் பைத்தான் 3 கறாராக மறுக்கிறது.) நான் விடுவேனா? மேற்கோள் குறிக்குள் போட்டு, கையில்தான் வித்தை இருக்கிறதே, 'இன்ட்' போட்டு மாற்றினேன். சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நம்பருக்கு நேராகத் தொகையை வைக்க 'டிக்‌ஷனரி' என்று ஒரு ஜாதி. நம்பர் எழுதிய மரப்பெட்டி வரிசை மாதிரி. சௌகரியம் என்னவென்றால், நம்பரைச் சொன்னால் சட்டென்று பெட்டி திறக்கும். அசௌகரியம், அதே நம்பரில் இன்னொன்று வந்தால் பழசைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசை வைத்துக்கொள்ளும். கேட்கவும் கேட்காது, சொல்லவும் சொல்லாது.

புரோகிராம் ஓடியது. கைமாற்று மொத்தம் 1,07,000. பாங்கில் இருக்கவேண்டியது 3,23,000. பாஸ்புக்கைப் பார்த்தேன். 3,18,000.

ஐயாயிரம் குறைகிறது.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனுஷன் நோட்டை எடுத்துக் கையால் ஒரு தடவை கூட்டிப் பார்த்திருப்பான். நான் கேன்டீனுக்குப் போனேன். பதினோரு மணி டீ நேரம், எல்லாரும் இருந்தார்கள். என் புரோகிராமின் புகழ் நாலு பேருக்குத் தெரியட்டுமே என்ற நினைப்பில், கொஞ்சம் உரக்கவே, "என்ன தம்பி, ஃபண்டுல ஐயாயிரம் இடிக்குதே! கம்ப்யூட்டர் சொல்லுது" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "இல்ல சார், நோட்டுல எல்லாம் இருக்கு சார்."

"நோட்டைப் பார்த்துத்தானேப்பா அடிச்சேன்."

பின்னாலிருந்து யாரோ, "அதான் புது போன் வாங்கியிருக்கான்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் காலை நான் பை வைப்பதற்குள் வந்து நின்றான். கையில் ஒரு பழுப்புக் கவர். "நேத்து ராத்திரி மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன் சார். எனக்குச் சரியாத்தான் வருது. ஆனா கம்ப்யூட்டர் ஒத்துக்கலைன்னா நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும். வெச்சுக்குங்க சார்." உள்ளே பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டு. சட்டைப் பையில் அந்தப் புது போனைக் காணோம். பழைய பட்டன் போன் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். "சரி, வை. பார்ப்போம்" என்று டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி மகளிடம் லேப்டாப்பைக் கொடுத்து, "சும்மா ஒரு தடவை பாரு" என்றேன். அவள் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"நோட்டுல கைமாற்று எத்தனை பேர்ப்பா?"

எண்ணினேன். "பத்தொன்பது."

"உன் டிக்‌ஷனரில பதினெட்டுதான் இருக்கு. ஸ்டாஃப் நம்பரை எதுக்கு இன்ட்டா மாத்தினே?"

"நம்பர்னா இன்ட்தானேம்மா?"

"அதைக் கூட்டப் போறியா?"

"இல்லை."

"பெருக்கப் போறியா? ரெண்டு ஸ்டாஃப் நம்பரைக் கூட்டிச் சராசரி பார்ப்பியா?"

"அது எப்படி?"

"அப்ப அது நம்பரே இல்லப்பா. பேரு. நம்பர் மாதிரி எழுதின பேரு. சென்னை எஸ்.டி.டி. கோடு 044-ஐ இன்ட் போட்டா 44 ஆயிடும், போன் எங்கே போகும்? ஸ்ட்ரிங்காவே விட்டிருக்கணும்."

நோட்டை விரித்துப் பார்த்தேன். ஏழாவது வரியில் 412, கேன்டீன் அண்ணன், காண்ட்ராக்ட், ஐயாயிரம். பெண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ். பதினாலாவது வரியில் 0412, பர்சேஸ் செக்‌ஷன், மூவாயிரம். நான் இன்ட் போட்டதில் 0412-ம் 412-ம் ஒன்றாகிவிட்டது. ஏழாவது வரி வைத்த ஐயாயிரத்தை எறிந்துவிட்டு, பதினாலாவது வரி மூவாயிரத்தோடு உட்கார்ந்துகொண்டது. கைமாற்றில் ஐயாயிரம் மறைந்தால் பாங்கில் ஐயாயிரம் அதிகம் இருக்கவேண்டும் என்றுதானே கணக்கு சொல்லும்? நிஜத்தில் கைமாற்று 1,12,000. பாங்கில் 3,18,000. நாற்பது பக்க நோட்டும் பாஸ்புக்கும் முதல் நாளிலிருந்து சரியாகத்தான் இருந்தன.

பூஜ்யம் வைத்தபோதே பைத்தான் என்னைத் தடுத்தது. நான்தான் கொல்லைப்புறமாகப் போய் உள்ளே நுழைந்தேன். 'இன்ட்' என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பத்தொன்பது பேர், 1,12,000. மணி பதினொன்றரை. உடனே போன் செய்யலாமா என்று நினைத்தேன். அவன் இப்போது எந்த போனில் எடுப்பான் என்ற யோசனை வந்ததும் வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, அதே கேன்டீனில், அதே குரலில் சொன்னேன். கணக்கு சரி, தப்பு என்னுடையது, தம்பியின் நோட்டில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை என்று. பழி சொன்ன அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இன்றைக்கு இல்லை. நாலைந்து பேர் லீவு, இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கவரைக் கொடுத்து, "மன்னிச்சுக்கப்பா" என்றேன். அவன் வாங்கிக்கொண்டு, எண்ணாமல் பையில் வைத்தான்.

"போனு?"

"அது போயிருச்சு சார். பரவால்ல, அதுல சார்ஜ் நிக்கறதில்ல."

வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத போன். கூட நடந்தேன். வித்த கடை எங்கே, திரும்ப வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. "சார், அந்த புரோகிராம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷத்துக்கு எனக்கும் சொல்லித் தர்றீங்களா? நோட்டையும் வெச்சுக்கறேன்" என்றான். சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பாடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கேன்டீன் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"சார், நான் வாங்கின ஐயாயிரத்தைக் கம்ப்யூட்டரே தள்ளுபடி பண்ணிருச்சாமே?"

"ஆமாண்ணே. கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன்."

"ஏன் சார், உங்களை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடித்துப் பார்த்தேன். டீயில் சர்க்கரை இல்லை.